கல்யாணக் களையை நோய் என்று நினைத்த கதை

எங்கள் ஊர்ப் பக்கம் பிசான அறுவடை முடிந்ததும் தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயை அடைத்துவிடுவார்கள். அணையில் தண்ணீர் இருந்தால் கார் சாகுபடிக்கு ஜூனில் மறுபடி திறப்பு. இடைப்பட்ட வெயில் நாள்களில் ஓட்டம் நின்று, பாலத்தடியிலும் மதகடியிலும் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கும். அதுவரை ஓடித் திரிந்த மீனெல்லாம் அந்தக் குட்டைகளில் வந்து முடங்கும். சின்ன வயதில் நாங்கள் துண்டை விரித்து அள்ளியவை அவைதான். பெரியது குழம்புக்கு, பொடிசு கோழிக்கு. யாரும் அள்ளாமல் விட்ட குட்டை வெயிலில் வற்றிச் சேறாகும். மிச்சத்தைக் கொக்கு பார்த்துக்கொள்ளும்.

7 வருடத்துக்கு முன்னால் அப்படியொரு குட்டையில்தான் இந்தப் பைத்தியம் ஆரம்பித்தது. மகனுக்காகக் கடையில் வாங்கிய தங்கமீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து, 4 அடித் தொட்டி காலியாகக் கிடந்தது. "காசு குடுத்து வாங்கிச் சாவடிக்கதுக்கு, வாய்க்கால்ல கெடக்கத புடிச்சிட்டு வந்து வளத்தா என்னல?" என்றாள் அம்மா. கேலியாகத்தான் சொன்னாள். நான் கிளம்பிவிட்டேன்.

கம்பி வளையத்தில் கொசுவலைத் துணி தைத்த கைவலை, மூடி போட்ட பழைய பெயிண்ட் வாளி. ஒரு மணி நேரத்தில் 40 மீன் இருக்கும். வாலுக்குச் சற்று முன்னால் மை வைத்ததுபோல் கறுப்புப் பொட்டும், வால் நுனியில் சிவப்பும் உள்ள கெண்டைதான் அதிகம். ஃபிலமென்ட் பார்ப் என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அறிவியல் பெயர் டாக்கின்சியா ஃபிலமென்டோசா. எங்கள் வீட்டில் அதற்குப் பொட்டுக்கெண்டை என்று பேர் வைத்தோம். அப்புறம் கல்லில் அப்பிக்கொள்ளும் கல்லொட்டி 6. நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓடும், ஒரு நொடி சும்மா இருக்காத டெவாரியோ. மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் நீட்டும் அயிரை. அயிரையைத் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கிறேன் என்றால் மதுரைக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள் என்று தெரியும்.

மறுநாள் காலை 9 செத்து மிதந்தன. மூன்றாம் நாள் இன்னும் 14.

என்ன நடந்தது என்று புரிய ஒரு மாதம் ஆனது. தொட்டியைக் கழுவி, அன்றைக்கே போர் தண்ணீர் நிரப்பி, அன்றைக்கே மீனை விட்டிருந்தேன். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகத் தொல்லை தராத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் அது கிடையாது. இதில் எங்கள் போர் தண்ணீருக்குக் காரத்தன்மை வேறு அதிகம். தண்ணீர் காரமாக, சூடாக இருக்க இருக்க அம்மோனியாவின் விஷம் கூடும். சித்திரை வெயில், உப்புத் தண்ணீர், பழகாத தொட்டி, அதில் 40 மீன். பிழைத்த 17-ஐத்தான் அதிசயம் என்று சொல்ல வேண்டும்.

இப்போது யாராவது ஆசையாகக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: மீன் பிடிக்கப் போகும் முன் தொட்டியை ஒரு மாதம் ஓடவிடு. ஏற்கெனவே மீன் வளர்ப்பவரிடமிருந்து அழுக்குப் பஞ்சு ஒன்றை வாங்கி உன் ஃபில்டருக்குள் திணித்தால் பாதி நாள் மிச்சம். அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதே. குளோரினில் அத்தனை பாக்டீரியாவும் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசினால் போதும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கும், வாங்கி வை. என் மீட்டரில் கால்வாய்த் தண்ணீர் 100-ஐத் தாண்டவில்லை. என் வீட்டுப் போர் 1,100 காட்டியது. அந்த இரண்டுக்கும் நடுவில் மீனை ஒரே மூச்சில் தூக்கிப் போட்டால் என்ன ஆகும்? இப்போது மொட்டைமாடி மழைநீரை டிரம்மில் பிடித்துவைத்து, போர் தண்ணீரோடு மூன்றுக்கு ஒன்று கலந்து பயன்படுத்துகிறேன். முதல் மழை மாடியைக் கழுவிப் போகட்டும். இரண்டாவது மழையிலிருந்து பிடிப்பேன்.

அடுத்த பாடத்தைக் கரண்டு வாரியம் நடத்தியது. மே மாதம் ஒரு ராத்திரி 11 மணிக்குக் கரண்டு போனது. டார்ச் அடித்துப் பார்த்தால் கல்லொட்டி ஆறும் தண்ணீருக்கு மேலே, ஈரமான கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. வயிற்றுப் பக்கம் எங்களைப் பார்த்தபடி, உதடும் மார்புத் துடுப்பும் கண்ணாடியில் அழுந்தி, பல்லி மாதிரி. பொட்டுக்கெண்டைகள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் தாங்குகிற தண்ணீர் 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். ஓட்டத்திலேயே பிறந்து வளர்ந்த மீனுக்கு அந்த ஒன்றரை பெரிய விஷயம். மோட்டாரும் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நானும் மனைவியும் மாறி மாறிச் செம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். கரண்டு வர ஒன்றரை மணி. "ஏங்க, கைப்புள்ளைக்குக்கூட நான் இப்படி ராத்திரி முழிச்சதில்ல" என்றாள். மறுநாளே பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கினேன். பின்னால் இன்வர்ட்டரில் தொட்டிக்கென்று ஒரு பிளக் பாயின்ட் இழுத்தாயிற்று. கோடையில் தொட்டியின் மேல் ஒரு டேபிள் ஃபேன் ஓடும். தண்ணீர் ஆவியாகிற குளிர்ச்சியிலேயே 2, 3 டிகிரி இறங்கிவிடுகிறது. ஃபேனுக்காக மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போட வேண்டும். வலையும் இல்லாமல் விட்டால் டெவாரியோ தரையில் கருவாடாகக் கிடக்கும். எனக்கு இரண்டு கிடந்தது.

ஓட்டத்துக்கு ஒரு மூலையில் மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் பவர்ஹெட் வைத்தேன். 240 லிட்டர் தொட்டிக்கு அது தாராளம். ஆனால் தொட்டி முழுவதும் ஒரே வேகத்தில் தண்ணீர் பாய்ந்தால் மீன் களைத்துவிடும். வாய்க்காலில் பாருங்கள், ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் ஓர் அமைதியான இடம் இருக்கும். அதேபோல் பெரிய கூழாங்கற்களை வரிசையில்லாமல் போட்டேன். டெவாரியோ எதிர்நீச்சலில் நின்றது, பொட்டுக்கெண்டை ஓரத்துக்கு ஒதுங்கியது, அயிரை பின்கட்டு மணலைப் பிடித்துக்கொண்டது. யாருக்கு எந்த இடம் என்று அவையே பிரித்துக்கொண்டன.

கல்லொட்டிக்குச் சாப்பாடுதான் பிரச்சினையாக இருந்தது. கடை உருண்டைத் தீவனத்தை மற்றவை ஒரு வாரத்தில் பழகிவிட்டன. முதலில் கொசுப்புழு, பின்பு கொசுப்புழுவோடு பொடித்த தீவனம், அப்புறம் வெறும் தீவனம். கல்லொட்டியோ கல்லைத்தான் சுரண்டும். என் தொட்டிக் கல்லை ஒரே வாரத்தில் மொழுமொழுவென்று ஆக்கிவிட்டு, வயிறு ஒட்டிக் கிடந்தது. அதற்கு நான் கண்ட வழி, மொட்டைமாடியில் கல் வளர்ப்பது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அகலமான பிளாஸ்டிக் தொட்டி மூன்று, ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலக் கூழாங்கல் பத்து, மேலே தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர், அதற்கும் மேலே திருநெல்வேலி வெயில். மூன்று வாரத்தில் கல்லின் முதுகில் பச்சையும் பழுப்புமாகப் பாசி படியும், தொட்டால் வழுக்கும். செவ்வாய்தோறும் ஒரு தொட்டிக் கல் கீழே இறங்கும், சுரண்டித் தீர்த்த கல் மாடிக்குப் போகும். கல்லை வைத்த ஐந்தாவது நிமிடம் ஆறும் அதன்மேல் இருக்கும். மறுநாள் பார்த்தால் பாசியில் உதடு போன தடம், சின்னச் சின்னப் பிறைகளாக வரிசை கட்டியிருக்கும்.

சரி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் வருடம் ஜூன். பொட்டுக்கெண்டையில் பெரிய மூன்றின் மூக்கில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இச் என்கிற வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் ஒரு வாரத்தில் தொட்டியே காலி என்று கேள்விப்பட்டிருந்தேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு மீன் கடைக்கு ஓடினேன். "இச் அண்ணாச்சி, சந்தேகமே இல்ல" என்று கடைக்காரர் நீல மருந்து ஒன்று கொடுத்தார். 5 நாள் ஊற்றினேன். செடி கருகியது. ஃபில்டர் பாக்டீரியா செத்துத் தண்ணீர் கலங்கியது. அயிரை இரண்டு செத்தன. அயிரையின் செதில் மிகப் பொடியது; மருந்து அதன் உடம்பில் சுலபமாக ஏறும், பாதி அளவுதான் கொடுக்க வேண்டும் என்று அப்போது தெரியாது. மூக்கில் இருந்த புள்ளி மட்டும் அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டுக்கு லீவுக்கு வந்திருந்த பையன் மீன்வளம் படிக்கிறவன். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இது நோய் இல்ல. மாப்பிள்ளைக் களை."

கெண்டை இனத்து ஆண்களுக்கு இனப்பெருக்கக் காலத்தில் மூக்கிலும் கன்னத்திலும் இப்படிக் கெட்டியான பருக்கள் வருமாம். அதற்கப்புறம் உட்கார்ந்து பார்க்கும்போது வித்தியாசம் கண்ணை உறுத்தியது. நோய்ப் புள்ளி ரவை தூவியதுபோல் துடுப்பு, உடம்பு எல்லாவற்றிலும் இருக்கும், நாளுக்கு நாள் பெருகும், மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும், சாப்பாட்டில் நாட்டம் போகும். இதுவோ மூக்கோடு நிற்கிறது, எல்லாம் ஒரே அளவு, மீன் முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறது, மற்ற ஆண்களை விரட்டுகிறது. முதுகுத் துடுப்பின் கதிர்கள் நூல் நூலாக நீண்டு வாலைத் தொடப் பார்க்கின்றன. அந்த மீனுக்கு ஃபிலமென்ட் என்று பெயர் வந்ததே அந்த நூலால்தான். இத்தனை அலங்காரத்தோடு நின்ற மாப்பிள்ளைகளுக்கு 5 நாள் மருந்து ஊற்றியிருக்கிறேன்.

அடுத்த வருடம் விஷயம் தெரிந்ததே தவிர முட்டை கிடைக்கவில்லை. பரு வரும், விரட்டும், பெண்ணின் வயிறு உப்பும், அத்தோடு சரி. நானோ தண்ணீரைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தேன். வாரம் தவறாமல் கால்வாசித் தண்ணீர் மாற்றம், ஒரே சூடு, ஒரே டிடிஎஸ். எதுவும் ஏறாமல் இறங்காமல் இருப்பதுதான் நல்ல வளர்ப்பு என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

போர் மோட்டாரின் காயில் எரிந்து இரண்டு நாள் வீட்டில் தண்ணீர் இல்லாமல் போனது. தொட்டியில் தண்ணீர் மாற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது, ஆவியாகி 4 விரல் இறங்கியும் போயிருந்தது. வேறு வழியில்லாமல் முந்தின ராத்திரி பிடித்த மழைநீரை டிரம்மிலிருந்து அப்படியே மொண்டு பாதித் தொட்டிக்கு ஊற்றினேன். 30 டிகிரியில் இருந்த தண்ணீர் 26-க்கு வந்துவிட்டது. செய்தபின்தான் பயம் வந்தது. ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்த்தேன்.

காலை ஆறரைக்குத் தொட்டி முழுக்க ஒரே கொண்டாட்டம். ஆண் ஒன்று பெண்ணை உரசிக்கொண்டு வேலம்பாசிக்குள் பாயும், இரண்டும் ஒரு நொடி நடுங்கும், கடுகைவிடச் சின்னதாகத் தெளிந்த மணிகள் உதிரும். பின்னாலேயே மற்ற கெண்டைகள் வரிசையில் நின்று அந்த மணிகளைப் பொறுக்கித் தின்றன. கீழே விழுந்ததை அயிரை பார்த்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. எனக்கு வருத்தமே வரவில்லை. கால்வாய் அடைப்பதும், தண்ணீர் வற்றிக் கெட்டியாவதும், பிறகு மலையில் மழை பெய்து குளிர்ந்த புதுத் தண்ணீர் பாய்வதும்தான் இவற்றின் நாள்காட்டி. நான்தான் 2 வருடமாக அந்த நாள்காட்டியைக் கிழிக்கவிடாமல் பிடித்துவைத்திருந்தேன்.

அதிலிருந்து என் முறை இதுதான். ஏப்ரல், மே கோடை. மீனைக் குறைத்து, தண்ணீரைப் பெரிதாக மாற்றாமல், ஆவியாவதை மட்டும் ஈடுகட்டுவேன். நைட்ரேட் ஏறாமலிருக்கச் சாப்பாடும் குறைவு. மே கடைசியில் ஆணையும் பெண்ணையும் பத்து நாள் பிரித்து வைத்து, கொசுப்புழுவும் நறுக்கிய இறாலும் தாராளமாகக் கொடுப்பேன். தனியாக ஒரு 60 லிட்டர் தொட்டி, அடியில் இரண்டு அடுக்குக் கோலிக்குண்டு, ஓரத்தில் ஒரு கட்டு வேலம்பாசி. கோலிக்குண்டின் இடுக்கில் முட்டை விழுந்துவிட்டால் எந்தக் கெண்டையாலும் எடுக்க முடியாது. ஊர்க் கடைகளில் கோலிக்குண்டு கிடைக்காமல் திருநெல்வேலி டவுனுக்குப் போய் இரண்டு கிலோ வாங்கினேன். "பேரப்பிள்ளைகளுக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மழை அறிகுறி உள்ள ஒரு சாயங்காலமாகப் பார்த்து ஓர் ஆண், இரண்டு பெண்ணை அதில் விடுவேன். தொட்டி பாதிதான் நிரம்பியிருக்கும். ஆணி அடித்து ஓட்டை போட்ட பிவிசி குழாய் வழியாக மழைநீர் மேலிருந்து சொட்டி ராத்திரிக்குள் மீதிப் பாதியை நிரப்பும். பெரும்பாலும் மறுநாள் காலையே முட்டை. இல்லையென்றால் அடுத்த நாள். மூன்றாம் நாளும் இல்லையென்றால் பெண் தயாரில்லை என்று அர்த்தம், திருப்பி எடுத்துவிடுவேன். முட்டை இட்டதும் பெரிய மீன்களை உடனே மாற்ற வேண்டும். வெள்ளை பூத்த முட்டையைச் சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒன்றை விட்டால் பூஞ்சை பத்துக்குப் பரவும்.

ஒன்றரை நாளில் பொரிந்துவிடுகிறது. முதல் இரண்டு நாள் கண்ணாடியில் ஒட்டிய கண்ணிமை முடிபோலத் தொங்கும், அப்போது சாப்பாடு போடக் கூடாது. நீந்த ஆரம்பித்ததும்தான் பசி. அதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரும் வாழைச்சருகும் போட்டு ஜன்னலோரம் வைத்திருப்பேன். முதலில் நாறும், கலங்கும். பின்பு தெளியும்போது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் கோடிக்கணக்கில் இருக்கும். அதில் நாலைந்து நாள். அப்புறம் ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால் வகையின் குஞ்சு. அதன் முட்டையை நாமே உப்புத் தண்ணீரில் பொரிக்க வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு, காற்றுக் குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், 28 டிகிரி. எங்கள் ஊருக்கு ஹீட்டர் தேவையில்லை, தூத்துக்குடி உப்புக்கும் குறைவில்லை. 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்தி, பாட்டிலின் அடியில் டார்ச் அடித்தால் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து ஆரஞ்சு நிறத்தில் திரளும், ஓடு மேலே மிதக்கும். குழாய் வைத்து உறிஞ்சி, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போட வேண்டும். அரை மணி நேரத்தில் மீன்குஞ்சின் வயிறு ஆரஞ்சுப் பொட்டாகத் தெரியும். அதைப் பார்த்தபின்தான் நான் டீ குடிப்பேன்.

முதல் முறை 300 பொரிந்து ஒரு மாதத்தில் 110 நின்றது. அதிலும் ஒரு குழப்பம். வளர வளரக் குஞ்சுகளின் உடம்பில் பட்டை பட்டையாகக் கறுப்பு. அப்பா அம்மாவுக்கு வாலருகே ஒரே பொட்டு, பிள்ளைகளுக்கு வரிப்புலி வேஷம். வேறு ஏதோ மீன் கலந்துவிட்டது என்றே நினைத்தேன். இந்த மீனின் குஞ்சு அப்படித்தான் இருக்கும். வளரும்போது பட்டை மங்கிப் பின்பொட்டு மட்டும் தங்கும்.

இதே தவறை இன்னொரு மீனிடமும் செய்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் தலைப்புக்குத் துரோகம். கால்வாய் ஓரப் புல்லுக்குள், ஓட்டமே இல்லாத இடத்தில், ஒரு விரல் நீளத்தில் பழுப்பாக ஒரு மீன் கிடைக்கும். சூடோஸ்ஃப்ரோமினஸ் குபானஸ். வாய் நிறைய வரும் இந்தப் பெயரின் கடைசிப் பாதி நம்மூர்தான்: புதுச்சேரி அருகே உள்ள அரியாங்குப்பம் ஆற்று மீனை வைத்து 1831-இல் குபானஸ் என்று எழுதினார்கள். குப்பம்தான் குபானஸ். இதற்கு ஃபில்டர்கூட வேண்டாம். மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் பாசி, ஒரு காய்ந்த வாதாம் இலை, வாசல் வெட்டிக் கவிழ்த்த ஒரு சிரட்டை. அவ்வளவுதான் குடித்தனம்.

ஒரு ஜோடி விட்டிருந்தேன். ஒரு நாள் காலை பெண் மீன் கரிக்கட்டையாக இருந்தது. பழுப்பெல்லாம் போய் உடம்பு முழுக்க மைக்கறுப்பு. சாகப் போகிறது என்று அவசர அவசரமாக எடுத்து வேறு டப்பாவில் போட்டேன். சாயங்காலத்துக்குள் நிறம் பழையபடி ஆகிவிட்டது. குணமாகிவிட்டது என்று பெருமையாகத் திருப்பி விட்டேன். நாலாம் நாள் மறுபடி கறுப்பு. அந்த முறை அம்மாதான் தடுத்தாள். "கொஞ்சம் பொறுத்துப் பாரேன், அது என்ன செய்யுதுன்னு." சிரட்டைக்குள் டார்ச் அடித்தால் கூரையில் நுரைக்கூடு. ஆண் அதன் கீழே காவல். கறுப்புதான் அவள் முகூர்த்தப் புடவை. நான் ஒரு கல்யாணத்தை நடுவில் நிறுத்தியிருக்கிறேன்.

முட்டை உதிர உதிர ஆண் வாயில் பொறுக்கி நுரைக்குள் ஒட்டும். இரண்டு நாளில் பொரியும், மேலும் இரண்டு மூன்று நாளில் குஞ்சு நீந்தும். முட்டை இட்டதும் பெண்ணை எடுத்துவிடலாம், குஞ்சு நீந்தியதும் ஆணை எடுத்துவிட வேண்டும். அதுவரை நல்ல அப்பன், அதற்கப்புறம் பசித்த மீன். டப்பாவை எப்போதும் மூடிவையுங்கள். தண்ணீருக்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால்தான் குஞ்சுகள் காற்றுக் குடிக்கப் பழகும்போது பிழைக்கும்.

பெயர் என்று வந்துவிட்டதால் இன்னொன்று. அயிரையின் அறிவியல் பெயரில் தெர்மாலிஸ் என்று வரும். அதை முதலில் விவரித்தது திருகோணமலை கன்னியா வெந்நீரூற்று மீனை வைத்து. மேற்குத் தொடர்ச்சி மலையின் மெலன் பார்ப் வகைக் கெண்டைகளுக்கு 2012-இல் இலங்கை ஆய்வாளர்கள் திராவிடியா என்றே பேரினப் பெயர் வைத்தார்கள். ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. அந்தப் பெயரை ஏற்கெனவே ஓர் ஈக்கு வைத்துவிட்டார்கள் என்று தெரிந்து 2013-இல் ஹாலுடாரியா என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஹாலுதார் என்பவர் கங்கை மீன்களை மீன் ஆய்வாளர் ஹாமில்டனுக்காக வரைந்து கொடுத்த வங்காள இளைஞர். ஓவியனுக்கு இடம் விட்டுக்கொடுத்ததாக நினைத்து ஆறுதல் அடைந்துகொள்ள வேண்டியதுதான்.

எதைப் பிடிக்கலாம், எதைக் கூடாது என்பதில் நான் கறார். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கே ஓடையில் கைவலை போடுவது சட்டப்படி குற்றம், போடவும் கூடாது. தாமிரபரணியின் பெயரையே தாங்கிய டாக்கின்சியா தம்பிரபர்ணியை என்ற கெண்டை, என் பொட்டுக்கெண்டையின் நெருங்கிய சொந்தம், இந்த ஆற்றுப்படுகையை விட்டால் வேறு போக்கிடம் இல்லாதது, அழியும் நிலையில் உள்ளவற்றின் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. அது வலையில் வந்தால் அப்படியே திருப்பி விடுகிறேன். மிஸ் கேரளா என்ற மீனுக்கு நடந்தது தெரிந்ததுதானே. சென்னை மாகாண கவர்னர் டெனிசனின் பெயரை 1865-இல் வாங்கிய அந்தச் சிவப்புக்கோட்டு மீனை வெளிநாட்டுத் தொட்டிகளுக்காக ஓடை ஓடையாக அள்ளி, அதுவும் அதே பட்டியலில் ஏறிவிட்டது. அது வேண்டுமென்றால் பண்ணையில் பெருக்கிய குஞ்சுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

110 குஞ்சும் விரல் நீளம் வந்தபோது அம்மா சொன்னாள், "எல்லாத்தையும் கால்வாய்ல விட்டுட்டு வாயேன், புண்ணியமாப் போவும்." எனக்கும் ஆசைதான். தண்ணீர் திறந்த நேரம் வேறு. வாளியைக்கூட எடுத்துவிட்டேன். மீன்வளப் பையனிடம் போனில் கேட்டதற்கு அவன் கண்டிப்பாக வேண்டாம் என்றான். கடை மீன் இருந்த தொட்டி, கடைத் தீவனம், கடைச் செடி. எந்தக் கிருமியும் ஒட்டுண்ணியும் அவற்றோடு வந்திருக்கலாம், ஆற்று மீனுக்கு அது புதுசாக இருக்கும். 110-ம் ஓர் அப்பனுக்கும் இரண்டு அம்மாவுக்கும் பிறந்தவை. கால்வாயில் கெண்டை குறைந்ததற்குக் காரணம் கெண்டைக்குஞ்சு போதாததா என்றும் கேட்டான். இல்லைதான். மணல் போயிற்று, சாக்கடை வந்தது, ஜிலேபிக் கெண்டை பெருகிற்று, யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து கொட்டிய டேங்க் கிளீனர் மீன் பாலத்தடியில் முழங்கை நீளத்துக்குக் கிடக்கிறது. அதைக் கொட்டியவரும் புண்ணியம் என்றுதான் நினைத்திருப்பார். வாளியை இறக்கி வைத்துவிட்டு, குஞ்சுகளைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கும் மீன் வளர்க்கும் நண்பர்களுக்கும் பிரித்துக் கொடுத்தேன். இப்போது வருடத்துக்கு ஒரு முறைதான் முட்டை எடுக்கிறேன், அதுவும் வாங்க ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு.

டெவாரியோவும் முட்டையிட்டிருக்கிறது. கல்லொட்டியில் மட்டும் இந்த 7 வருடத்தில் எனக்கு ஒரு முட்டைகூடக் கிடைக்கவில்லை. எது ஆண், எது பெண் என்றே சத்தியமாகத் தெரியாது. கோடையும் காட்டினேன், மழையும் காட்டினேன். ஓட்டத்தை இரண்டு மடங்கு ஆக்கினேன். அவை மசியவில்லை. முதல் நாள் வந்த ஆறில் நாலு இன்னும் இருக்கின்றன. மூத்ததற்கு மூக்கில் போன வாரம் இரண்டு வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது. மருந்துப் பக்கம் கையே போகவில்லை. இன்று செவ்வாய். மாடியிலிருந்து கல் இறக்க வேண்டும்.